பின்பக்கத்துப் பாட்டு முதலிடம் போன கதை: குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்'

கருந்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

டிஸ்கோ என்ற எழுபதுகளின் ஆட்ட இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் குழுவில் பீ ஜீஸ், போனி எம் என்று இரண்டு பெயரோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்கப் பாடகி குளோரியா கேனருக்கு இங்கே ஓர் இழைகூட இல்லை. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1978 அக்டோபரில் பாலிடார் என்ற இசைத்தட்டு நிறுவனம் கேனரின் புது சிங்கிளை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டை) வெளியிட்டது. முன்பக்கம் 'சப்ஸ்டிட்யூட்'. ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய பழைய பாட்டு அது. அந்த வருடம்தான் தென்னாப்பிரிக்காவின் கிளவுட் என்ற பெண்கள் குழு அதைப் பாடி ஐரோப்பாவில் ஹிட் ஆக்கியிருந்தது. அதையே கேனரைப் பாடவைத்து அமெரிக்காவில் ஓட்டிவிடலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. தயாரிப்பாளர் ஃப்ரெடி பெரன் சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: முன்பக்கம் உங்கள் விருப்பம், பின்பக்கத்தில் நானும் டினோ ஃபெகாரிஸும் எழுதுகிற பாட்டு வரவேண்டும். அப்படிப் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் 'ஐ வில் சர்வைவ்'.

'சப்ஸ்டிட்யூட்' எடுபடவில்லை. பின்பக்கப் பாட்டு 1979 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம். இரண்டு வாரம் இருந்தது. பீ ஜீஸின் 'டிராஜெடி' வந்து இறக்கியது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 7 அன்று, மறுபடியும் முதலிடம். பிரிட்டனில் அதே 'டிராஜெடி'யை இறக்கிவிட்டு மார்ச் 17 முதல் நான்கு வாரம் முதலிடம்.

நிறுவனம் ஒதுக்கிவைத்த பாட்டை மேலே தூக்கியது யார்? டிஜேக்கள்தான் என்பது என் பதில். நியூயார்க்கின் ஸ்டுடியோ 54 என்ற இரவு ஆட்ட கிளப்பில் டிஜே ரிச்சி காசோர் தட்டைத் திருப்பிப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் பிடித்துக்கொண்டது. அவரிடம் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளைக் கொடுத்து மற்ற டிஜேக்களுக்கும் கொடுக்கச் சொன்னதாக கேனரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக வாருங்கள்.

சார்ட்வேலு

நல்ல இழை. ஸ்டுடியோ 54 கதை உண்மைதான், ஆனால் அதற்குக் கொடுக்கிற எடை அதிகம் என்று நினைக்கிறேன். வாசலில் நிறுத்தி ஆள் பார்த்து உள்ளே விட்ட இடம் அது. அந்தக் கூட்டம் முழுவதும் தட்டு வாங்கினாலும் ஹாட் 100-இல் ஒன்றும் அசையாது.

ஹாட் 100 அப்போது எப்படிப் போடப்பட்டது என்று பாருங்கள். கடைகளிலிருந்து வரும் விற்பனை அறிக்கை, வானொலி நிலையங்கள் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கணினியில் பார்கோடு வைத்து எண்ணும் முறை ஹாட் 100-க்கு வந்தது 1991-இல்தான். ஆடுகளத்தில் ஒரு பாட்டு எத்தனை முறை ஓடியது என்பது இந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. அதற்கு பில்போர்டு தனியாக டிஸ்கோ பட்டியல் வைத்திருந்தது.

அப்படியானால் கிளப்பிலிருந்து பாட்டு எப்படி வெளியே வந்தது? இரண்டு வழி. முதலாவது ரெக்கார்டு பூல். 1975-இல் டேவிட் மன்குசோ உள்ளிட்ட சில டிஜேக்கள் நியூயார்க்கில் தொடங்கியது. நிறுவனங்கள் புதுத் தட்டுகளை அங்கே இலவசமாகக் கொடுக்கும். டிஜேக்கள் வாங்கிப் போய் ஓட்டிப் பார்த்து, கூட்டம் எதற்கு ஆடியது என்று எழுதிக் கொடுப்பார்கள். பிறகு மற்ற ஊர்களிலும் இதே ஏற்பாடு வந்தது. ஒரு ஊரில் ஒரு டிஜே திருப்பிப் போட்ட தட்டு பாஸ்டன் வரை போனது இந்த வலைப்பின்னலால்தான்.

இரண்டாவது வழிதான் பெரியது: டபிள்யூகேடியூ. நியூயார்க்கில் மெல்லிசை ராக் போட்டுக்கொண்டிருந்த எஃப்எம் நிலையம். 1978 ஜூலையில் ஒரே நாளில் முழு டிஸ்கோ நிலையமாக மாறியது. அந்த வருடக் கடைசிக்குள் நியூயார்க்கிலேயே அதிகம் பேர் கேட்கும் நிலையம் ஆகிவிட்டது. அதுவரை அந்த இடத்தில் அசைக்க முடியாமல் இருந்த டபிள்யூஏபிசியையே தாண்டியது. அதைப் பார்த்து மற்ற ஊர் நிலையங்களும் டிஸ்கோவுக்குத் தாவின. கேனரின் தட்டு வெளிவந்தது சரியாக இந்த மாதங்களில். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கிளப்பில் கொண்டாடப்பட்டு, ஹாட் 100-இல் நடுவில் எங்கேயோ நின்றிருக்கும்.

பேஸ்மணி

வேலு சார், டிஜே, வானொலி எல்லாம் சரி. அதே 1978–79 குளிர்காலத்தில் அதே டிஜேக்களும் அதே நிலையங்களும் நூற்றுக்கணக்கான டிஸ்கோ தட்டுகளைப் போட்டார்கள். அதில் எத்தனை இன்று நம் காதில் இருக்கின்றன? பாட்டைப் பற்றியும் பேசுவோம்.

கிட்டாரோ கீபோர்டோ கையில் இருப்பவர்கள் இதை வாசித்துப் பாருங்கள்: ஏ மைனர், டி மைனர், ஜி, சி மேஜர் செவன், எஃப் மேஜர் செவன், பி ஹாஃப் டிமினிஷ்டு, ஈ சஸ் ஃபோர், ஈ. எட்டுக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்), எட்டு பார் (தாளச் சுற்று). பாட்டு முழுக்க இவ்வளவுதான். சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. பாலம் என்று தனியாகவும் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கார்டின் மூலசுரமும் முந்தையதிலிருந்து ஐந்தாம் சுர இடைவெளியில் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் வரும் ஈ, ஏ மைனருக்குப் போயே தீரவேண்டும் என்று காதைப் பிடித்து இழுக்கும். போய்ச் சேர்ந்தால் மறுபடியும் ஆரம்பம். நிற்க இடமே கொடுக்காத சுற்று.

இதில் பாடகருக்கு ஒரு பெரிய சோதனை இருக்கிறது. கார்டு மாறாது என்பதால் கதை முன்னேறுவதைக் குரல் ஒன்றாலேயே காட்டவேண்டும். கேனர் அதை எப்படிச் செய்கிறார் என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் பியானோ ஒரு சிதறல். தாளம் இல்லாமல், கிட்டத்தட்ட பேசுகிற மாதிரி, பயந்துபோன ஒரு பெண்ணின் குரல். சில வரி கழித்து டிரம் உள்ளே வருகிறது. அந்த இடத்திலிருந்து குரலில் நடுக்கம் இல்லை. விட்டுப்போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான் என்ற இடம் வரும்போது அதட்டுகிறார். பின்னணிப் பாடகிகள் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அக்காலத்து டிஸ்கோவில் மூன்று நான்கு பெண் குரல்கள் பின்னால் இழைவது வழக்கம். இங்கே அந்தப் பெண் தனியாக நிற்கிறாள், பாட்டின் கதையும் அதுதான்.

டிரம் ஜேம்ஸ் கேட்சன். பில் விதர்ஸோடு வாசித்த அதே கேட்சன். நிமிடத்துக்கு 117 அடி அளவில் போகிறது. ஆட்டத்துக்கு இது வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுகிற வேகம். அதனால்தான் ஆடுகிற கூட்டம் கூடவே பாடியது. நான் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன், கூட்டம் தானாக வாய் திறப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது நடந்துவிட்டால் அந்தப் பாட்டை யாராலும் நிறுத்தமுடியாது.

மதுரைநிலா

வேலு அண்ணா, ஒரு சந்தேகம். ஹாட் 100-இல் இறங்கின பாட்டு மறுபடி முதலிடத்துக்கு வருவது அப்போது சகஜமா? எனக்கு டிஸ்கோ புதுசு, எல்லாவற்றையும் இப்போதுதான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

சார்ட்வேலு

@மதுரைநிலா அரிது, ஆனால் அந்தச் சில மாதங்களில் நடந்தது. சிக் குழுவின் 'லெ ஃப்ரீக்' 1978 டிசம்பர் முதல் 1979 பிப்ரவரி வரை மூன்று தனித்தனித் தவணையாக முதலிடத்தில் இருந்தது, மொத்தம் ஆறு வாரம். அந்தக் குளிர்காலத்தில் முதலிடத்துக்குப் போட்டி அவ்வளவு நெருக்கம்.

வரிசையாகப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். பிப்ரவரியில் ராட் ஸ்டூவர்ட்டின் டிஸ்கோ பாட்டு நான்கு வாரம். பிறகு கேனர், 'டிராஜெடி', மறுபடி கேனர். ஏப்ரல் 14 அன்று டூபி பிரதர்ஸின் 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' வந்து கேனரை இறக்கியது. அப்புறம் ஏமி ஸ்டூவர்ட், பிளாண்டி. மே மாதம் பீச்சஸ் அண்ட் ஹெர்ப் பாடிய 'ரீயுனைட்டட்' நான்கு வாரம். அதை எழுதியது யார் தெரியுமா? இதே பெரன், ஃபெகாரிஸ் ஜோடிதான். பிரிந்தவனை வெளியே போ என்று சொல்லும் பாட்டும், பிரிந்தவர் மீண்டும் சேரும் பாட்டும் ஒரே ஜோடியிடமிருந்து, அடுத்தடுத்த மாதங்களில், இரண்டும் முதலிடம்.

டூபி பிரதர்ஸ் பாட்டைச் சும்மா குறிப்பிடவில்லை. 1980 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ரெக்கார்டு விருதுக்கு கேனரின் பாட்டும் போட்டியில் இருந்தது. அதைத் தோற்கடித்ததும் அதே 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்'.

அமுதினி

ஆனால் அதே விழாவில் சிறந்த டிஸ்கோ பதிவு என்ற விருது கேனருக்கு வந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் இனஃப்', டோனா சம்மரின் 'பேட் கேர்ள்ஸ்', எர்த் விண்ட் அண்ட் ஃபயர், ராட் ஸ்டூவர்ட் எல்லோரையும் தாண்டி வாங்கினார். அடுத்த வருடமே அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டார்கள். ஆக, அந்த விருதைப் பெற்ற ஒரே பாட்டு இதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. பாட்டைப் பதிவு செய்யும்போது கேனர் எந்த நிலையில் இருந்தார் என்று யாரும் சொல்லவில்லையே. 1974-இல் 'நெவர் கேன் சே குட்பை' பாடி, பில்போர்டின் முதல் டிஸ்கோ பட்டியலில் முதலிடம் பிடித்தவர் அவர். அடுத்து வந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் மூன்று பாட்டையும் இடைவெளி இல்லாமல் இணைத்து டாம் மோல்ட்டன் கலவை செய்திருந்தார். வீட்டில் உட்கார்ந்துகொண்டே கிளப்பில் ஆடுவது போலிருக்கும். அப்படி டிஸ்கோவின் ராணி என்று பெயர் வாங்கியவர், நான்கு வருடத்தில் ஓரங்கட்டப்பட்டார். 1978-இல் நியூயார்க் பீக்கன் தியேட்டர் மேடையில் விழுந்து, முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆனது. அம்மாவையும் சில வருடங்களுக்கு முன் இழந்திருந்தார். முதுகுக்கு பிரேஸ் கட்டிக்கொண்டு நின்றுதான் இந்தப் பாட்டைப் பாடினார். காதலனை விரட்டும் பாட்டு என்று நாம் கேட்கிறோம். அவர் தன் முதுகையும் அம்மாவையும் நினைத்துப் பாடியதாகச் சொல்லியிருக்கிறார். ஃபெகாரிஸுக்கோ, அது மோட்டவுன் நிறுவனத்தில் வேலை போன நாட்களில் மனதில் விழுந்த பொறி. எழுதியவருக்கும் பாடியவருக்கும் காதல் தோல்வியே இல்லை!

எய்ட்ஸ் கொள்ளைநோயாகப் பரவிய வருடங்களில் அமெரிக்காவின் தன்பாலீர்ப்பாளர்கள் இந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நண்பர்களை வாராவாரம் அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். பட்டியலில் எந்த எண் என்பதைவிட எனக்கு இது பெரிது.

கருந்தட்டு

அமுதினி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பட்டியலும் முக்கியம் என்று நினைக்கிறேன். முதலிடம் வந்திருக்காவிட்டால் பாலிடார் பாட்டை முன்பக்கத்துக்கு மாற்றி உலகம் முழுக்க அனுப்பியிருக்காது. அக்கா சொன்னவர்களில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஒருவர் கையில் அந்தத் தட்டு கிடைத்திருக்குமா?

பின்பக்கம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1974-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த கார்ல் டக்ளஸின் 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டும் பின்பக்கத்துக்கென்று அவசரமாகப் பதிவு செய்ததுதான். தயாரித்தவர் பெங்களூரிலிருந்து லண்டன் போன பித்து என்ற இசைக்காரர். அங்கே நிறுவனத்து ஆள் கேட்டவுடனே இதுதான் முன்பக்கம் என்று மாற்றிவிட்டார். கேனர் விஷயத்தில் பாலிடாருக்கு அந்தக் காது இல்லை. கூட்டம் கேட்டுக் கேட்டுத்தான் மாற்றவேண்டி வந்தது.

லாஷப்பல்வாசி

வணக்கம் உறவுகளே. இங்க பிரான்சில இந்தப் பாட்டுக்கு இன்னொரு கதை இருக்கு. 1998 உலகக் கோப்பை நேரம் பிரெஞ்சு அணியின்ர பாட்டே இதுதான். கேனர் பாடினது இல்லை, ஒல்லாந்தின்ர றொட்டர்டாமில இருக்கிற ஹெர்மஸ் ஹவுஸ் பாண்ட் எண்ட மாணவர் குழு பாடினது. மூலப் பாட்டில வயலின்காரர் வாசிக்கிற மெட்டை அவங்கள் வாயாலேயே 'லா லா லா' எண்டு பாடி விட்டாங்கள். அதுதான் மைதானத்துக்குச் சரியா வந்தது. இங்கிலிஷ் தெரியாத சனம் முழுக்கப் பாடலாமே!

ஜூலை 12 இறுதி ஆட்டம், பிரேசிலுக்கு மூண்டு பூச்சியம். அண்டிரவு நாங்கள் பாரிஸில எங்கட தமிழ்ச் சனம் கூடுற லா ஷப்பலில இருந்து நடந்தே சாம்ஸ் எலிசே பக்கம் போனனாங்கள், மெட்றோவுக்குள்ள கால் வைக்க ஏலாது. எங்கட பெடியள், அல்ஜீரியாக்காரர், மாலிக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் தோளில கை போட்டு அந்த லா லா லாவைத்தான் கத்தினது. கன பேருக்கு அப்ப விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. அண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் எங்கத்த ஆள் எண்டு கேக்கேல்லை. குளோரியா கேனர் எண்ட பேரே எனக்கு அதுக்குப் பிறகுதான் தெரியும்.

பேஸ்மணி

லாஷப்பல் அண்ணே, உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த லா லா லா அதே எட்டுக் கார்டு சுற்றின்மேல்தான் ஓடுகிறது. அமெரிக்க ராக் குழுவான கேக் 1996-இல் இதைப் பாடியபோதும் கார்டை மாற்றவில்லை, குரலில் மட்டும் ஒரு சலிப்பைக் கொண்டுவந்தார்கள். சாண்டே சாவேஜ் அதே வருடம் மெதுவான பாட்டாகவே மாற்றிப் பாடினார். எல்லாவற்றையும் தாங்குகிறது.

சார்ட்வேலு

ஜூலை 12 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரியாக 19 வருடம் முன்னால் அதே தேதியில், 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ஏற்பாடு. அவர் முன்பு வேலை பார்த்த நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதில் வேலை இழந்தவர். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு பேஸ்பால் பார்க்கலாம் என்றார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் நாசமாக்கியதில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை.

அன்றோடு டிஸ்கோ செத்தது என்று எழுதுகிறவர்கள் பட்டியலைப் பார்ப்பதில்லை. அந்த வாரம் முதலிடம் ஏறிய 'பேட் கேர்ள்ஸ்' ஐந்து வாரம் இருந்தது. அடுத்து சிக் குழுவின் 'குட் டைம்ஸ்'. பிறகுதான் தி நாக் என்ற ராக் குழு வந்து ஆறு வாரம் உட்கார்ந்தது. அக்டோபரில் மைக்கேல் ஜாக்சன், நவம்பரில் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் டோனா சம்மரும் சேர்ந்து பாடியது, 1980-இல் 'ஃபங்கிடவுன்' என்று முதலிடங்கள் தொடர்ந்தன. வானொலி நிலையங்களும் நிறுவனங்களும்தான் டிஸ்கோ என்ற பெயரை அவசரமாகக் கழற்றி வைத்தார்கள். ஆடுகிறவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை.

அமுதினி

அந்த இரவில் அந்த மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பிற்பாடு சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் இருந்தன என்றார். அதே சிகாகோவில் டிஸ்கோவிலிருந்து பிறந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசையின் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வெறுப்பு எதன்மேல் என்பது எனக்கு அதிலேயே தெரிகிறது.

மதுரைநிலா

இவ்வளவு விற்ற பாட்டு, கேனருக்கு நல்ல பணம் வந்திருக்கும்தானே?

சார்ட்வேலு

அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று வாங்கியது. அன்றைய விதிப்படி சிங்கிளுக்கு பிளாட்டினம் என்றால் 20 லட்சம் தட்டு. 'லவ் டிராக்ஸ்' ஆல்பம் நான்காம் இடம் வரை போனது. ஆனால் அவர் பாட்டை எழுதவில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம் போகும், பாடியவருக்குக் கிடையாது. இன்றுவரை அப்படித்தான். 1979 முதல் அந்த நாட்டு வானொலிகள் இந்தப் பாட்டை எத்தனை முறை போட்டிருக்கும் என்று யோசித்துப் பார். அந்தக் குரலுக்கு அதில் ஒரு காசு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மற்ற பல நாடுகளில் பாடகருக்கும் பங்கு உண்டு.

கருந்தட்டு

மேடை அவரைக் கைவிடவில்லை என்பது ஒரு நிம்மதி. இந்த ஒரு பாட்டைச் சுமந்துகொண்டே உலகம் சுற்றினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் சேர்த்தது. 2020 ஜனவரியில் 'டெஸ்டிமனி' என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) ஆல்பத்துக்காக மறுபடி கிராமி வாங்கினார். முதல் கிராமிக்கும் இரண்டாவதற்கும் நடுவே 40 வருடம். முதுகுவலி அவரைப் பல வருடங்கள் விடவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வேலு சார் சொன்ன டபிள்யூகேடியூ விவரம் எனக்குப் பெரிய வெளிச்சம். ஆனாலும் என் பக்கத்தை விடமாட்டேன். நிலையம் போட்டது எந்தத் தட்டை? கிளப்பில் ஏற்கெனவே திருப்பப்பட்ட தட்டை. முன்பக்கத்தை மட்டும் கேட்டு மூடி வைத்திருந்தால் எந்த நிலையமும் இதைத் தேடிப் போயிருக்காது.

மதுரைநிலா

அண்ணன்களா, அக்கா, எதை முதலில் கேட்கட்டும்? வானொலிக்கான மூன்று நிமிடப் பதிப்பா, நீளமானதா?

பேஸ்மணி

12 அங்குலத் தட்டில் வந்த எட்டு நிமிடப் பதிப்பு. மூன்று நிமிடத்தில் குரல் முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடும். நீளமானதில் நடுவில் குரல் விலகி, கேட்சனின் டிரம்மும் பேஸும் வயலின்களும் மட்டும் அந்த எட்டு பாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஜேக்கள் கையில் இருந்தது அதுதான். பேஸ் கேட்கிற ஸ்பீக்கரில் போடு, போனில் வேண்டாம். அதைக் கேட்டபிறகு 'சப்ஸ்டிட்யூட்'டையும் ஒரு முறை கேள். பாலிடார் அதிகாரிகள் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டும் எதை முன்பக்கம் வைத்தார்கள் என்பது உனக்கே புரியும்.